மரணச் சீட்டும் பேரரசிச் சீட்டும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், குறி சொல்லப் பயன்படுத்தும் டாரட் என்கிற படச் சீட்டுகளை அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட ஒரு இளையோர் நாவல் தொடரைப் பற்றி நான்கு வரிதான் எழுதினேன். அதற்கே இத்தனை கடிதங்கள். சிலருக்குக் கதை வேண்டும், சிலருக்குச் சீட்டுகளின் வரலாறு வேண்டும், இரண்டு பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அக்கா, அந்தத் தொடர் எதைப் பற்றியது? கதையைக் கெடுத்துவிடாமல் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். – கல்லூரி மாணவி

முதல் புத்தகத்தில் சீக்கிரமே தெரிந்துவிடும் விஷயங்களையும், இரண்டாவதிலிருந்து ஒன்றிரண்டையும் மட்டும் சொல்கிறேன். தொடரின் பெயர் ‘ஆர்கானா குரோனிக்கிள்ஸ்’. எழுதியவர் கிரெஸ்லி கோல். முதல் புத்தகமான ‘பாய்சன் பிரின்சஸ்’ 2012இல் வந்தது. கதாநாயகி ஈவிக்கு 16 வயது ஆகப்போகிறது. அமெரிக்காவின் லூசியானாவில், கரும்புத் தோட்டத்துக்கு நடுவே வீடு. உலகம் எரிவதுபோன்ற காட்சிகள் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. வீட்டில் பயந்துபோய் அவளை மனநலச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள், நீ பார்த்ததெல்லாம் பிரமை என்று அவளை நம்பவைத்துத் திரும்ப அழைத்துவருகிறார்கள். அப்புறம் ஒரு ராத்திரி வானம் உண்மையிலேயே எரிகிறது. தண்ணீர் வற்றிப்போகிறது, மழை நின்றுவிடுகிறது, பயிர் பச்சை எதுவும் மிஞ்சவில்லை, பிழைத்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு.

இது வரைக்கும் உலகம் அழிந்த பிறகு நடக்கும் பல கதைகளில் ஒன்றாகத்தான் இருக்கிறது. டாரட் உள்ளே வரும்போதுதான் கதை மாறுகிறது. சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை 22 இளைஞர்கள் பிறக்கிறார்கள். ஒவ்வொருவரும் டாரட்டின் 22 பெரிய சீட்டுகளில் ஒன்று. ஒருவரையொருவர் கொல்ல வேண்டும், கடைசியில் மிஞ்சுகிறவர் அடுத்த ஆட்டம் வரும்வரை சாகாமல் இருப்பார். கொன்றவர் கையில், கொல்லப்பட்டவரின் சின்னம் பச்சை குத்தியதுபோலத் தோன்றிவிடும். மறைக்கவே முடியாது. ஈவிதான் பேரரசிச் சீட்டு. செடி கொடிகள் அவள் சொன்னபடி கேட்கும், அவள் நகத்தில் விஷம் இருக்கும். எல்லாப் பச்சையும் கருகிப்போன உலகத்தில் செடிகளின் அரசியாக ஒருத்தியை நிறுத்தியதை யோசித்துப் பாருங்கள், அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு இந்த எழுத்தாளரைப் பிடித்துப்போனது.

காதலுக்கு இரண்டு பேர். ஜாக் என்பவன் அவள் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்து சேர்ந்த ஏழைப் பையன், சதுப்புநிலப் பகுதியிலிருந்து வருகிறவன், அவன் வாயில் பிரெஞ்சு கலந்த பேச்சு. இன்னொருவன் மரணம். ஆமாம், மரணச் சீட்டேதான். முந்தைய ஆட்டங்களில் வென்று இரண்டாயிரம் வருடமாக உயிரோடு இருக்கிற வீரன்.

தொடக்கத்தையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். முதலில் பேசுவது ஈவி இல்லை. பசியோடு அலையும் பெண்களைச் சாப்பாட்டு வாசனை காட்டி வீட்டுக்குள் இழுக்கும் ஒருவன் பேசுகிறான், அவன் முன்னால் உட்கார்ந்துதான் ஈவி தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். இவள் எப்படித் தப்பிக்கப்போகிறாள் என்ற பயத்தோடு படிக்க ஆரம்பித்த எனக்கு, புத்தகத்தின் கடைசியில் அந்தப் பயமே வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

டாரட் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாமல் படித்தால் புரியுமா?

புரியும். ஆனால் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சீட்டுகளின் படங்களைப் பார்த்துவிட்டுப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் இந்தத் தொடரில் வரும் சக்திகள் பல நேராகப் படத்திலிருந்தே பிறந்தவை. வலிமைச் சீட்டில் ஒரு பெண் சிங்கத்தின் வாயை மென்மையாகப் பிடித்திருப்பாள். கதையில் அந்தச் சீட்டுக்காரி லார்க்குக்கு மிருகங்கள் கட்டுப்படும். கோபுரச் சீட்டில் மின்னல் தாக்கி ஆட்கள் தலைகுப்புற விழுவார்கள். கதையில் அந்தச் சீட்டுக்காரன் மின்னலை ஈட்டியாக எறிகிறான். தீர்ப்புச் சீட்டில் தேவதூதன் ஊதுகொம்போடு இருப்பான். கதையில் அவனுக்கு இறக்கை இருக்கிறது. பேரரசிச் சீட்டில் அவள் தலையில் 12 நட்சத்திரக் கிரீடம், காலடியில் விளைந்த கோதுமை, பின்னால் மரங்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனால், ஒரு புதுக் கதாபாத்திரம் வரும்போதே இவன் எந்தச் சீட்டு என்று ஊகிக்கும் சுகம் கிடைக்கும்.

மொத்தம் 78 சீட்டுகள். அதில் 56 சாதாரணச் சீட்டுக்கட்டு மாதிரி நான்கு வகை, வகைக்கு 14. மீதி 22தான் மேஜர் ஆர்கானா என்கிற பெரிய சீட்டுகள். பேதை என்கிற சீட்டுக்கு எண் 0, உலகம் என்கிற சீட்டுக்கு 21.

இந்த நாவல்கள் ஒரு புனிதமான பழைய ஞானத்தை எடுத்து வெறும் கொலை விளையாட்டாக ஆக்கிவிட்டன. எகிப்தியர்களின் ரகசிய நூலல்லவா டாரட்? – கோபத்துடன் ஒரு வாசகர்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எகிப்து விஷயம் உண்மையில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

டாரட் பிறந்தது வட இத்தாலியில், 15ஆம் நூற்றாண்டில். 1440 வாக்கில் பிளாரன்ஸ், ஃபெராரா போன்ற நகரங்களின் பதிவுகளில் இந்தச் சீட்டுகள் தென்படத் தொடங்குகின்றன. மிலான் பிரபுக்களான விஸ்கோன்ட்டி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகத் தங்கத்தகடு ஒட்டிக் கையால் வரைந்த கட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்ற ஒரு கட்டில் 74 சீட்டுகள் மிஞ்சியுள்ளன, நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் இத்தாலியின் பெர்கமோவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. காணாமல்போன நான்கில் சாத்தானும் கோபுரமும் உண்டு. இதை எதற்குச் செய்தார்கள் தெரியுமா? விளையாட. தாரோக்கி என்கிற சீட்டாட்டம் அது. நான்கு வகைச் சீட்டுகளையும் வெட்டும் துருப்புச் சீட்டுகளாக அந்தப் படச் சீட்டுகள் இருந்தன. எண் பெரியது சின்னதை வெட்டும். பேதைச் சீட்டு மட்டும் எதையும் வெட்டாது; இக்கட்டான நேரத்தில் அதைக் காட்டி, அந்தச் சுற்றிலிருந்து ஒதுங்கிக்கொள்ளலாம். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இந்தக் குடும்பத்து ஆட்டங்களை இன்றைக்கும் ஆடுகிறார்கள்.

எகிப்துக் கதையைக் கிளப்பியவர் கூர் தெ ழெப்லான் என்கிற பிரெஞ்சுக்காரர், வருடம் 1781. அப்போது எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கவே யாருக்கும் தெரியாது. ஷாம்போலியோன் என்கிற அறிஞர் அதை அவிழ்த்தது 1822இல், அதாவது 41 வருடம் கழித்து. படிக்கத் தெரியாத எழுத்தின் ரகசியம் இது என்று ஒருவர் சொன்னார், எத்தெயா என்ற பெயரில் இன்னொருவர் சில வருடங்களிலேயே குறி சொல்லும் முறையாக அதை வளர்த்தார், எலிஃபாஸ் லெவி என்கிற மறைஞான எழுத்தாளர் 19ஆம் நூற்றாண்டில் 22 சீட்டுகளையும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு இணைத்தார். இப்படித்தான் ஒவ்வொரு அடுக்காக ஏறியது.

அதனால், டாரட்டை ஆட்டமாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்வதை நான் நேர் எதிராகப் பார்க்கிறேன். முதல் முந்நூற்றுச் சொச்சம் வருடம் அது ஆட்டமாகத்தான் இருந்தது. 22 பேரும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் கதையை எழுதியவர், தெரிந்தோ தெரியாமலோ சீட்டுகளை அவற்றின் பிறந்த வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்தத் தொடரில் பேதைச் சீட்டுக்காரன் மாத்யூவுக்கு ‘ஆட்டக் காவலன்’ என்று பட்டம். யாரையும் வெட்டாத, ஆனால் எல்லா ஆட்டத்தையும் அறிந்த ஒருவன். பழைய சீட்டாட்டத்தில் பேதை இருந்த இடத்தை நினைத்துக்கொண்டு மாத்யூ வரும் பக்கங்களைத் திரும்பப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மரணத்தை எதற்குக் காதலனாக வைக்கிறார்கள்? கேட்கவே ஒருமாதிரி இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சீட்டிலேயே இருக்கிறது. 1909இல் லண்டனில் வந்த கட்டுதான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதில் 13ஆம் சீட்டை எடுத்துப் பாருங்கள். கறுப்புக் கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரை மேல் வருகிறது, கையில் கறுப்புக் கொடி, கொடியில் வெள்ளை ரோஜா. கீழே ராஜா செத்துக் கிடக்கிறார். மதகுரு கைகூப்புகிறார். ஒரு இளம்பெண் மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பக்கத்தில் ஒரு குழந்தையோ நிமிர்ந்து பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன்.

கவசம், குதிரை, ரோஜா, மண்டியிட்ட பெண். ஒரு காதல் கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்த ஒரே படத்தில் கிடக்கிறதே! நாவலாசிரியர் செய்தது, அந்தக் கவசத்துக்குள் எலும்புக்குப் பதிலாக ஒரு இளைஞனை வைத்தது மட்டும்தான். அவன் தொட்டால் யாரும் சாவார்கள், ஈவி ஒருத்தியைத் தவிர. இரண்டாயிரம் வருடம் வாழ்ந்த ஒருவனுக்குத் தொடுதல் என்பதே இல்லை, தொடக்கூடிய ஒரே ஆளோ முந்தைய பிறவிகளில் அவனைக் கொல்லப் பார்த்தவள். இருண்ட கதை என்றால் ரத்தமும் பேய்களும்தான் என்று நினைக்கிறோம். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் இருட்டாகப் பட்டது இந்தத் தனிமைதான்.

இன்னொரு விஷயம். மார்செய் டாரட் என்று சொல்லும் பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் பொதுவாக 13ஆம் சீட்டில் பெயரே எழுதமாட்டார்கள். எண் இருக்கும், படம் இருக்கும், பெயரிருக்க வேண்டிய இடம் இருக்காது. மற்ற எல்லாப் பெரிய சீட்டுக்கும் பெயர் இருக்க அது மட்டும் பெயரில்லாத சீட்டு. அந்த மரணத்துக்கு இந்தத் தொடரில் ஆரிக் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஈவி முதலில் அவனை மரணம் என்று அழைத்துவிட்டு எப்போது பெயர் சொல்லி அழைக்க ஆரம்பிக்கிறாள் என்று கவனித்துக்கொண்டே படியுங்கள், காதல் எங்கே நகர்கிறது என்று தெரியும்.

முக்கோணக் காதல் சலித்துவிட்டது. ஏன் எல்லா இளையோர் ஃபேன்டசியிலும் ஒரு பெண், இரண்டு ஆண்?

சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் டாரட் கதைக்கு மட்டும் நான் விலக்குக் கொடுப்பேன். 6ஆம் சீட்டு காதலர்கள். 1909 கட்டில் அதில் ஒரு ஆண், ஒரு பெண், மேலே தேவதூதன். பழைய மார்செய் கட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு ஆண் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், மேலே மன்மதன் அம்பை நாண் ஏற்றிக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறான். அம்பு இன்னும் விடப்படவில்லை. அந்தச் சீட்டைக் காதல் என்பதைவிடத் தேர்வு என்று படிப்பவர்கள்தான் அதிகம். ஆக முக்கோணம் என்பது இங்கே நாவலாசிரியரின் சோம்பல் இல்லை, சீட்டிலேயே ஊறிய விஷயம்.

நல்ல முக்கோணம் எது, கெட்டது எது என்று எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. இரண்டு பேரில் யார் அழகன், யார் முத்தம் நன்றாகக் கொடுக்கிறான் என்று மட்டும் கதை கேட்டுக்கொண்டிருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். ஒருவனோடு போனால் அவள் ஒரு மாதிரிப் பெண்ணாகவும், இன்னொருவனோடு போனால் வேறொரு மாதிரிப் பெண்ணாகவும் ஆவாள் என்றால் அங்கே உயிர் இருக்கிறது. ஜாக்கோடு இருக்கும்போது ஈவி தன் சீட்டை மறைக்கிறாள், சாதாரணப் பெண்ணாக இருக்கப் பார்க்கிறாள், அவனுக்குத் தன் உள்ளே இருக்கும் கொலைகாரியைக் காட்டப் பயப்படுகிறாள். மரணத்துக்கு முன்னால் மறைக்க ஒன்றுமில்லை, அவளுடைய மோசமான முகத்தை அவன் ஏற்கனவே பல பிறவிகளில் பார்த்துவிட்டான். யார் நல்லவன் என்ற கேள்வியைவிட, எந்த ஈவி உண்மையான ஈவி என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் படிக்க வைத்தது.

என் மகளுக்கு 14 வயது. இந்தத் தொடர் வேண்டும் என்று கேட்கிறாள். கொடுக்கலாமா? – ஒரு அம்மா

14க்கு நான் கொடுக்கமாட்டேன். யங் அடல்ட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் இது 16, 17க்கு மேல்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். ஆசிரியர் இதற்கு முன் பெரியவர்களுக்கான காதல் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர், அந்தச் சூடு இங்கேயும் தெரிகிறது, புத்தகம் ஏற ஏறக் கூடுகிறது. அதைவிட முக்கியம் வன்முறை. மனித மாமிசம் தின்னும் கூட்டம் வருகிறது, பெண்கள் அரிதாகிவிட்ட உலகத்தில் பெண்களை வேட்டையாடுவது வருகிறது, சித்திரவதை வருகிறது.

ஆனால் வேண்டாம் என்று வாங்கிப் பூட்டிவைத்தால் அவள் எப்படியும் எங்கிருந்தாவது படித்துவிடுவாள், இது உங்களுக்கும் தெரியும். முதல் புத்தகத்தை நீங்கள் முதலில் படியுங்களேன். பிறகு அவளிடம், இது இன்னும் இரண்டு வருடம் கழித்து என்று காரணத்தோடு சொல்லுங்கள், நானும் படித்தேன், இந்த இடம் எனக்கே தாங்கவில்லை என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அம்மா படித்துவிட்டுச் சொல்கிறாள் என்றால் அதன் கனமே வேறு. அவளுக்கு டாரட் மேல்தான் ஆசை என்றால் சீட்டுப் படங்களையும் அவற்றின் வரலாற்றையும் இப்போதே தாராளமாகக் கொடுக்கலாம்.

பிடித்து அடைத்துவைத்தவன் மீதே காதல் வருவதாக எழுதுவது தப்பில்லையா? இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

இரண்டாவது புத்தகமான ‘எண்ட்லெஸ் நைட்’ (2013) பற்றித்தான் கேட்கிறீர்கள். அதில் மரணம் ஈவியைச் சிறைப்பிடிக்கிறான், அவள் சக்தியை முடக்கிவைக்கிறான். அதன் நடுவே ஈர்ப்பு வளர்கிறது. உங்களுக்குத் தப்பாகப் பட்டது எனக்கும் பட்டது, படும்போது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்ப வந்து படித்தேன்.

என் நிலை இதுதான். கற்பனையில் ஒரு ஆபத்தான ஆணை ரசிப்பதற்காக எந்தப் பெண்ணையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த ரசனையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, புத்தகத்தை மூடினால் அவன் போய்விடுவான். ஈவியும் கையாலாகாத கைதி இல்லை, முந்தைய பிறவிகளில் இவளும் அவனுக்குச் செய்த துரோகம் லேசுப்பட்டதல்ல, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கொலைகாரர்கள். இதெல்லாம் சரி. ஆனாலும் பழைய பிறவிக் கணக்கைக் காட்டி இந்தப் பிறவியில் சிறைவைத்ததை நியாயப்படுத்தும் பக்கங்கள் அங்கங்கே வருகின்றன, அங்கெல்லாம் ஆசிரியர் தன் நாயகனுக்கு அளவுக்கு மீறி வக்காலத்து வாங்குகிறார். ஒரு பெண்ணுக்கு நினைவிலேயே இல்லாத தப்புக்கு அவளைத் தண்டிப்பது தண்டனை இல்லை, பழிவாங்கல். நிஜ வாழ்க்கையில் ஒருவன் உங்கள் போனைப் பிடுங்கி, வெளியே போகவிடாமல், எல்லாம் உன்மேல் உள்ள காதலால்தான் என்று சொன்னால் அங்கே ரசிக்க ஒன்றுமில்லை. வாசலைத் தேடுங்கள்.

சீட்டு எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே பலிக்குமா?

எதிர்காலம் சீட்டுக்குத் தெரியாது. கலைத்துப் போட்டால் எந்தச் சீட்டு வரும் என்பது தற்செயல்தான். படத்தைப் பார்த்து நம் மனதில் ஓடுவதை நாமே கேட்டுக்கொள்ள அது உதவலாம், அவ்வளவே. வீட்டில் சீட்டு வைத்திருந்தால் கெடுதல் வரும் என்று பயந்து எழுதிய தங்கைக்கும் இதே பதில். அச்சடித்த அட்டை அது. பயப்படாதீர்கள்.

அந்தச் சீட்டுப் படங்களை வரைந்தது யார்?

கேட்டதற்கு நன்றி. ஒருவரும் கேட்கமாட்டார்களோ என்று நினைத்தேன்.

அந்த 1909 கட்டை வரைந்தவர் பெயர் பமேலா கோல்மன் ஸ்மித். 1878இல் லண்டனில் பிறந்தார், சிறுவயதில் ஜமைக்காவிலும் வாழ்ந்தார், நியூயார்க்கின் புரூக்ளினில் பிராட் கல்விநிலையத்தில் ஓவியம் படித்தார். ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் யோசனை சொல்ல, இவர் வரைய, வில்லியம் ரைடர் நிறுவனம் 1909 கடைசியில் வெளியிட்டது. கட்டுக்கு வந்த பெயரோ ரைடர்–வெயிட். வெளியிட்டவர் பெயர் இருக்கிறது, சொன்னவர் பெயர் இருக்கிறது, ஒவ்வொரு கோட்டையும் இழுத்தவள் பெயர் இல்லை. அந்த வருடம் அவர் எழுதிய கடிதம் ஒன்றில், பெரிய வேலை ஒன்றை ரொம்பக் கொஞ்சப் பணத்துக்கு முடித்திருக்கிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 1951இல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார்.

அவர் செய்தது என்ன என்று இன்னொரு முறை சொல்கிறேன். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் சின்னச் சீட்டுகளில் வெறும் எண்ணிக்கைதான் இருக்கும், மூன்று வாள் என்றால் மூன்று வாள் படம். இவர் அந்த எண் சீட்டுகளுக்கும் ஆளும் இடமும் நிகழ்வுமாகக் காட்சி வரைந்தார். மூன்று வாள்கள் ஒரு இதயத்தைக் குத்தி நிற்க, பின்னால் மழை பெய்யும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். டாரட்டை வைத்து நாவல் எழுத முடிகிறது என்றால் அதற்குப் பெரிய காரணம் அவர் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கதையின் நடுப்பக்கத்தை வரைந்து வைத்ததுதான். சீட்டுகளின் மூலையில் அவருடைய கையெழுத்துச் சின்னம் இருக்கும், சின்னதாக, பாம்பு மாதிரி நெளிந்து. அடுத்த முறை தேடிப் பாருங்கள்.

எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

‘பாய்சன் பிரின்சஸ்’, ‘எண்ட்லெஸ் நைட்’, ‘டெட் ஆஃப் வின்டர்’ (2015), ‘ஆர்கானா ரைசிங்’ (2016), ‘தி டார்க் காலிங்’ (2018), அதற்குப் பிறகு வந்தது. நடுவில் ‘டே ஜீரோ’ (2016) என்று ஒரு துணைப் புத்தகம் உண்டு, வானம் எரிந்த அன்று மற்ற சீட்டுக்காரர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்வது. அதை முதலில் எடுக்காதீர்கள், ஆட்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதற்கு ருசி.

அக்கா, நான் தமிழில் டாரட் ஃபேன்டசிக் காதல் தொடர் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மூன்று அத்தியாயம் முடிந்தது. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்: ‘மரணம் வந்தான்’ என்று எழுதினால் விநோதமாக இருக்கிறது, ‘மரணம் வந்தது’ என்று எழுதினால் அவன் ஆளாகவே தெரியவில்லை. என்ன செய்வது?

இந்த வாரம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கலே வராது, அங்கே வினைச்சொல் ஆண் பெண் பார்க்காது. நமக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் திணை வந்து நின்றுவிடும்.

உங்கள் சிக்கல் பழையது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில், பொருளால் உயர்திணையாக இருந்தும் சொல் நடையில் ஆண்பால் பெண்பால் பிரித்துக் காட்டாத சொற்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. காலம், உலகம், உயிர், பூதம் எல்லாம் அதில் உண்டு, ஞாயிறும் திங்களும் உண்டு. உலகம், சூரியன், நிலா: அந்த மூன்றுமே உங்கள் 22 சீட்டுகளில் இருக்கின்றன! இலக்கணம் கவனித்துவைத்த அந்த வழுக்கலை நீங்கள் கதைக்கே பயன்படுத்தலாம். அவனைத் தூரத்திலிருந்து பார்க்கும் வரை, பயப்படும் வரை, ‘மரணம் வந்தது’, ‘மரணம் பார்த்தது’ என்றே எழுதுங்கள். உங்கள் நாயகி அவனை ஒரு மனிதனாக முதன்முதலாக உணரும் வரியில் ‘மரணம் சிரித்தான்’ என்று மாற்றுங்கள். ‘து’ போய் ‘ஆன்’ வருகிற அந்த ஒரு இடத்தில் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். காதல் தொடங்கிவிட்டது என்று நீங்கள் தனியாகச் சொல்லவே வேண்டாம். இது மொழிபெயர்ப்பில் கிடைக்காத ஒன்று, விட்டுவிடாதீர்கள்.

எமன் என்றோ கூற்றுவன் என்றோ பெயர் வைக்கலாமா என்றும் கடிதத்தின் அடியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தப் பெயர்களுக்கு ஏற்கனவே உருவமும் கதையும் இருக்கின்றன, உங்கள் பையன் அவற்றுக்கு அடியில் நசுங்கிப்போவான். சீட்டின் பெயர் பொதுச்சொல்லாக இருக்கட்டும், ஆளுக்குத் தனிப்பெயர் இருக்கட்டும்.

அப்புறம், 22 பேரையும் முதல் புத்தகத்திலேயே இறக்காதீர்கள். ஐந்தாறு பேர் போதும். மற்றவர்கள் பெயரளவில், சீட்டுப் படமளவில், வதந்தியாக வரட்டும். சக்தியைக் கொடுக்கும்போது அந்தச் சக்தியால் அவர்கள் இழப்பது என்ன என்பதையும் அதே அத்தியாயத்தில் தீர்மானித்துவிடுங்கள். நீதிச் சீட்டுக்காரிக்குப் பொய்யே சொல்ல வராது என்றால், அவள் காதலனிடம் என்ன பாடுபடுவாள்? தொங்குகிறவன் தலைகீழாக ஒற்றைக் காலில் கட்டப்பட்டிருந்தும் அவன் முகம் அமைதியாக இருக்கிறதே, ஏன்? படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே போங்கள்.

முடிந்த மூன்று அத்தியாயத்தையும் எனக்கு அனுப்புங்கள். ‘மரணம் சிரித்தான்’ எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.